கடைசி சீட்டில் கசஉஅருஎ

கள்ளிமேட்டில் பேய்க்கு ஒதுக்க ஒரு புளியமரம்கூடக் கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம், அதைத் தாண்டினால் முந்திரிக்காடு. அதனால்தானோ என்னவோ, அந்த ஊருக்கு வந்த பேய் டவுன் பஸ்ஸில் வந்தது. அதுவும் கடைசி சீட்டில்.

அந்த பஸ் ராத்திரி கள்ளிமேட்டிலேயே தங்கும். காலையில் அரியலூருக்குக் கிளம்பும். ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரும் அந்த பஸ்ஸை நம்பித்தான் படித்தார்கள். கடைசி நீள சீட்டில் ஆறு பேர் சரியாக உட்காரலாம். ஆகவே அது அவர்களுடைய சொத்து. இடது மூலை எழிலரசிக்கு.

தை மாதத்துத் திங்கட்கிழமை. பனி இன்னும் விலகவில்லை. வழக்கம்போல் எழிலரசிதான் முதலில் ஏறினாள். கடைசி சீட்டுக்குப் போனவள் உட்காராமல் நின்றுவிட்டாள்.

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கண்ணாடியில் எப்போதும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். கல் ஏற்றிய லாரிகள் போகிற சாலை அல்லவா, தூசி உள்பக்கமும் வந்து அப்பிக்கொள்ளும். அந்தத் தூசியில், பஸ்ஸின் உள்ளேயிருந்து, யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்.

கசஉஅருஎ

"யாருடா இது எழுதினது?" என்றாள் எழிலரசி.

"நான் இல்ல." "நானும் இல்ல." பின்னால் ஏறிய ஐந்து பேரும் இல்லை என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கும்போது கண்ணாடியில் எழுத்து இருந்ததாகவும் யாருக்கும் நினைவில்லை.

கண்டக்டர் செல்லப்பன் எட்டிப் பார்த்தார். "ராத்திரி வண்டியப் பூட்டி சாவிய என் தலைமாட்டுலதான் வெச்சிருந்தேன். பூட்டின வண்டியில யாரு எழுதுறது?"

"கசஉஅருஎ. இது என்ன பாஷை?" என்றான் சரத்குமார். அவனுக்குச் சும்மாவே பேச்சு அதிகம்.

ருக்மணி மட்டும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "இது நம்ம பேருங்கடா. ரு-வுல ஆரம்பிக்கிற பேரு இந்த ஊருலயே எனக்கு மட்டும்தான் இருக்கு."

எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். க என்றால் கலைவாணன். ச என்றால் சரத்குமார். உ உமையாள். அ அய்யம்பெருமாள். ரு ருக்மணி. எ எழிலரசி. ஆறு எழுத்து, ஆறு பேர், ஆறு பேர் உட்காரும் சீட். யாரும் குறையவில்லை, யாரும் கூடவில்லை.

செல்லப்பன் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைப் பரபரவென்று துடைத்தார். "எவனோ வெளயாடுறான். உக்காருங்க உக்காருங்க!" என்றார். ஆனால் அவர் குரலிலும் வழக்கமான தெம்பு இல்லை.

அன்று மத்தியானமே கலைவாணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் வேறு மாதிரி இருந்தது.

உஅருஎகச

அரியலூரில் இறங்கும்போது உமையாள் படியில் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை, சஉஅருஎக. பள்ளிக்கூடத்தில் சரத்குமாரின் சாப்பாட்டுத் தூக்கை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. உள்ளே முட்டை வேறு இருந்தது.

"மொத எழுத்து யாருதோ அன்னிக்கு அவங்களுக்குத்தான்," என்றான் சரத்குமார். பசியில் அவன் முகம் சின்னதாகியிருந்தது. "இது சாதாரணப் பேயி இல்ல. நம்ம சார் சொன்னாருல்ல, இந்த எடமெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு? கல்லாப்போன நத்தை, கல்லாப்போன சிப்பியெல்லாம் நம்ம காட்டுலயே கெடைக்குதுல்ல? நத்தை மட்டுமா கல்லாப் போயிருக்கும்?"

பஸ் அப்போது பழைய சுரங்கப் பள்ளத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்லெல்லாம் வெட்டி எடுத்தபின் விட்டுவிட்ட பள்ளம். ஆழம் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு," என்றான் சரத்குமார். "வெடி வெச்சு எழுப்பிவுட்டுட்டாங்க."

ஊர் வந்து சேர்ந்ததும் இன்னும் மோசம். அரியலூரிலிருந்து வந்த பஸ் இவர்களைக் கள்ளிமேட்டில் இறக்கிவிட்டுச் செந்துறைக்குப் போகும். போய்த் திரும்பி வந்துதான் தங்கும். இவர்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது செல்லப்பன் டிரைவரிடம் அலுத்துக்கொண்டார். "செந்துறையிலேர்ந்து திரும்புறப்ப என்னத்தண்ணே ஏறுது? காத்துதான் ஏறுது. தெனமும் காத்த ஏத்திக்கிட்டு வந்து எறக்கிவுடுறோம்."

ஆறு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காத்து என்றால் காற்று என்று எல்லோருக்கும் தெரியும். காத்து என்றால் வேறு என்ன என்பதும் கள்ளிமேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கேட்டியா?" என்றாள் ருக்மணி. அவளுக்குப் பல் தந்தியடித்தது.

வியாழக்கிழமை, ருஎகசஉஅ. ருக்மணியின் தண்ணீர் பாட்டில் பைக்குள் கவிழ்ந்து புத்தகமெல்லாம் நனைந்துபோனது. அந்தப் பாட்டிலை அவள் என்றைக்குமே ஒழுங்காக மூடியதில்லை. ஆனால் அன்றைக்கு அதை எடுத்துச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

மிச்சம் இரண்டே பேர். எழிலரசியும் அய்யம்பெருமாளும்.

எழிலரசிக்குப் பயமாகத்தான் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அந்த எழுத்துகள் கண்ணுக்குள்ளேயே சுற்றின. அப்படிச் சுற்றும்போதுதான் அவளுக்கு ஒன்று பட்டது. அந்த ஆறு எழுத்தும் நிஜமாகவே சுற்றுகின்றன! க-வுக்குப் பக்கத்தில் எப்போதும் ச. ச-வுக்குப் பக்கத்தில் எப்போதும் உ. கடைசி எ-வுக்குப் பிறகு மறுபடியும் க. கைகோத்து வட்டமாக நிற்கும் பிள்ளைகள்போல அவை இடம் மாறுவதே இல்லை. எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பது மட்டும்தான் மாறுகிறது.

அப்படியானால் க-வுக்கு மறுநாள் ச அல்லவா வந்திருக்க வேண்டும்? ஏன் உ-வுக்குத் தாவியது? பிறகு ஏன் பின்னால் வந்து ச, அதற்கப்புறம் ரு?

'பேய்க்கு வரிசையில் நிற்கத் தெரியாதா?' என்று யோசித்தபடி தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கட்டம் போட்டுத் தமிழ் எண்கள் இருந்தன. ஜூன் மாதம் படித்து, தேர்வில் எழுதி, உடனே மறந்தும்போன பாடம்.

ஒன்று க. இரண்டு உ. நான்கு ச. ஐந்து ரு. ஏழு எ. எட்டு அ.

எழிலரசி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். கசஉஅருஎ என்றால் 142857. செவ்வாய்க்கிழமை வந்தது 285714. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சந்தேகத்தோடு முதல் எண்ணை இரண்டால் பெருக்கினாள்.

285714 வந்தது.

மூன்றால் பெருக்கினாள். 428571. அது புதன்கிழமை. நான்கால் பெருக்கினால் 571428. அது இன்றைக்குக் காலையில் பார்த்தது!

இதுவரை எதனால் பெருக்கிப் பார்த்தாலும் அதே ஆறு எண்கள், அதே வட்டத்தில், வேறொரு இடத்தில் தொடங்கி வந்து நிற்கின்றன. இப்படி ஒரு எண் இருக்க முடியுமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் எல்லோருக்கும் விளக்கினாள். "அது நம்ம பேரே இல்ல. எண்ணு! பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சரத்குமார் யோசித்தான். "அப்ப அதுக்குக் கணக்கும் தெரியும்னு சொல்றியா?"

"இல்லடா. நாளைக்கு என்ன வரும்னுகூட என்னால சொல்ல முடியும். அஞ்சால பெருக்குனா 714285. எ-வுல ஆரம்பிக்கும். அதுக்கு அடுத்தது ஆறு. அது அ..."

அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அய்யம்பெருமாளின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. தாத்தா பெயரை வைத்ததால் பெயர்தான் அவனுக்கு நீளம், ஆறு பேரில் அவன்தான் சின்னவன். சொல்லியிருக்க வேண்டாம் என்று எழிலரசிக்கு உடனே உறைத்தது.

வீட்டில் அதைவிடப் பெரிய இடி காத்திருந்தது.

"பெத்தவங்கல்லாம் கூடிப் பேசிட்டோம்," என்றாள் அம்மா ரத்தினம்மாள். "சனிக்கெழம பள்ளிக்கூடத்தோட சரி. திங்கக்கெழமயிலேர்ந்து அந்த பஸ்ஸு வேணாம். மத்த பசங்கள அவங்கவங்க அப்பாமாரு மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோயி வுட்டுருவாங்க."

"அப்ப நானு?"

"அப்பா திருப்பூருல இருக்காரு. உன்னைய யாரு கொண்டுபோயி வுடுறது? கொஞ்ச நாளு வூட்டுல இரு."

கொஞ்ச நாள்! பக்கத்து வீட்டு வளர்மதி அக்காவும் இப்படித்தான் கொஞ்ச நாள் வீட்டில் நின்றாள். இரண்டு வருஷமாக ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, அது வெறும் கணக்கும்மா. பெருக்கல்!"

"ஏன், பேயிக்குக் கணக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "எழுத்தோ எண்ணோ எதுவா வேணா இருந்துட்டுப் போவுது. பூட்டின வண்டிக்குள்ள எழுதுறது யாரு? அதைச் சொல்லு மொதல்ல."

எழிலரசி கணக்கு நோட்டைப் பைக்குள் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. பனிக்குள் பஸ் நிழல்போல நின்றது. எழிலரசி ஏறிக் கடைசிவரை நடந்தாள்.

எகசஉஅரு

அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தது அப்படியே கண்ணாடியில் இருந்தது. சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷம் துளிகூட வரவில்லை. தான் மனசுக்குள் போட்ட கணக்கை வேறொன்றும் எங்கோ உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றியது.

அன்று முழுக்கத் தனக்கு என்ன நடக்கும் என்று காத்திருந்தாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செருப்பு வார் அறுந்தது. அவ்வளவுதான். அதுவும் ஊக்கு குத்தி ஏற்கெனவே ஒட்டுப் போட்டிருந்த வார்.

பஸ்ஸில் அய்யம்பெருமாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் நாளைக்கு வரல எழிலு. வயித்து வலின்னு சொல்லிருவேன்."

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கே!"

"அ-வுல ஆரம்பிக்குமே," என்றான் அவன். உதடு கோணியது.

கள்ளிமேடு நெருங்கியதும் எழிலரசி சீட்டில் முட்டி போட்டுத் திரும்பினாள். காலையில் செல்லப்பன் துடைத்த கண்ணாடியில் மறுபடியும் தூசி படிந்திருந்தது. ஒரு விரலை நீட்டி எழுதினாள்.

அருஎகசஉ

"ஏய்! என்ன பண்ற?" என்று சரத்குமார் அலறினான்.

எழிலரசி அய்யம்பெருமாளைப் பார்த்தாள். "ஆறால பெருக்குனா இதுதான் வரும். இப்ப இதை எழுதினது யாரு?"

"நீதான்."

"என்னையப் பாத்து உனக்குப் பயமா?"

அவன் யோசித்தான். "கொஞ்சம்," என்றான். ஆனால் அழுகை நின்றிருந்தது.

சனிக்கிழமை காலையில் அய்யம்பெருமாள் வந்தான். எழிலரசியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறினான்.

அவள் எழுதியது அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

அய்யம்பெருமாள் வாய்விட்டுப் படித்தான். "கூ... கூ... கூ... கூ... கூ... கூ..."

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்துப் பக்கமிருந்து ஏதோ பறவை கத்தியது. சரத்குமார், கலைவாணன், உமையாள், ருக்மணி நான்கு பேரும் ஒரே தாவலில் கீழே இருந்தார்கள். யார் முதலில் குதித்தது என்று அவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சண்டைதான் வரும்.

எழிலரசிக்கும் ஓடத்தான் தோன்றியது. நேற்று அவள் எழுதியதை ஏதோ ஒன்று படித்திருக்கிறது. படித்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் வாய் தானாக முணுமுணுத்தது. "கூ-ன்னா ஒம்போது." அடுத்தது ஏழு அல்லவா? பையிலிருந்து நோட்டை எடுத்து ஏழால் பெருக்கினாள்.

999999.

ஆறு நாளாகக் கைகோத்துச் சுற்றிய எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கூ.

"எழிலு," என்றான் அய்யம்பெருமாள். "அங்க பாரு."

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கை. எழிலரசி தன் கையை அதன் அருகில் கொண்டுபோனாள். அது அவள் கையைவிடச் சிறியது.

அய்யம்பெருமாள் என்ன நினைத்தானோ, தன் கையைத் தூக்கி அந்த அச்சின்மேல் வைத்தான். சரியாகப் பொருந்தியது.

"என் கை சைஸு," என்றான். அவன் குரலில் பயம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "இது நம்மள மாதிரி ஒரு புள்ள."

எழிலரசி நேராகச் செல்லப்பனிடம் போனாள். "அண்ணே, நாங்க எறங்குனப்புறம் அந்த மூலை சீட்டுல யாரு உக்காருவாங்க?"

"அந்த ட்ரிப்புலதான் யாருமே..." என்று தொடங்கியவர் தலையைச் சொறிந்தார். "யாருமேன்னா, செந்துறை முந்திரிக் கொட்டாயில வேலை செய்யிற அம்மா ஒண்ணும் அது பொண்ணும் ஏறுவாங்க. முந்திரிக்காட்டு ஸ்டாப்புல எறங்கிருவாங்க. ஆமா, அந்தப் பொண்ணு அந்த மூலையிலதான் உக்காரும்."

"இதை ஏண்ணே நீங்க இத்தன நாளா சொல்லல?"

"அவங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டு. கலெக்‌ஷன்ல வராது. அதனால ஆளுக் கணக்குலயே எனக்கு வரல," என்றார் செல்லப்பன். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நீங்களும் யாரும் கேக்கலியே! என்ன பேயின்னுதான கேட்டீங்க?"

சாயங்காலம் பஸ் கள்ளிமேட்டில் நின்றபோது எழிலரசி இறங்கவில்லை. கூட்டிப்போக வந்த அம்மாவைத்தான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே ஏற்றினாள்.

"அம்மா, நீ பேயப் பாக்க வேணாம். அந்த சீட்டுல யாரு உக்கார்றாங்கன்னு மட்டும் பாரு. அதுக்கப்புறம் நீ வூட்டுல இருன்னு சொன்னா இருக்கேன்."

ரத்தினம்மாள் முணுமுணுத்துக்கொண்டே முன் சீட்டில் உட்கார்ந்தாள். இடுப்பில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகியிருந்தாள். அய்யம்பெருமாளும் எழிலரசியும் கடைசி சீட்டில்.

செந்துறை போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பஸ்ஸுக்குள் விளக்கு எரியவில்லை. பின் கண்ணாடி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார். ஊர் எல்லையில் பஸ் நின்றது. தலையில் துண்டு போட்ட ஒரு பெண் ஏறி, ரத்தினம்மாளுக்குப் பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் பின்னால் இன்னொரு உருவம் ஏறியது. சின்ன உருவம். தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, கன்னமெல்லாம் வெள்ளை. அது எதையும் பிடிக்காமல், ஓடுகிற பஸ்ஸில் நேராகக் கடைசி சீட்டை நோக்கி நடந்து வந்தது. மூலையில் ஆள் இருப்பதைக் கண்டு அப்படியே நின்றது.

அய்யம்பெருமாளின் நகம் எழிலரசியின் கையில் இறங்கியது. ஏதாவது பேச வேண்டுமே என்று அவன் வாயைத் திறந்தான். வந்தது ஒரே ஒரு சத்தம்தான்.

"கூ..."

"கூ இல்ல," என்றது அந்த உருவம். "ஒம்போது."

அது ஒரு பெண். இவர்கள் வயதுதான் இருக்கும். லாரி போகிற சாலையோரம் நின்றதில் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அவள் பாவாடையைத் தூக்கி முகத்தைத் துடைத்ததும் புருவம் கறுப்பாகிவிட்டது.

எழிலரசி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். "நீதான் எழுதினியா?"

"நீங்கதான் தொடச்சீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம். "எழுதிட்டுப் போவேன். மறுநாளு வந்து பாத்தா சுத்தமா தொடச்சிருக்கும். யாரோ படிச்சுட்டு அடுத்ததக் கேக்குறாங்கன்னு நெனச்சேன். அதான் தெனமும் ஒண்ணு எழுதினேன்."

எழிலரசியும் அய்யம்பெருமாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரமாக ஆறு பேரும் நடுங்க, செல்லப்பன் துடைத்துப்போட்டது இவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

அவள் பெயர் சுகன்யா. பெரம்பலூர்ப் பக்கம் பாடாலூரிலிருந்து புதிதாக வந்தவள். செந்துறையில் ஆறாவது படிக்கிறாள். பள்ளி விட்டதும் அம்மா வேலை முடியும்வரை முந்திரிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு நாளு அம்மா போன்ல ஒண்ண ஏழால வகுத்துப் பாத்தேன். இந்த ஆறு எண்ணும் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்துச்சு, முடியவே இல்ல. அப்புறம் பெருக்கிப் பாத்தா, அதுங்களே சுத்திச் சுத்தி வருதுங்க."

"எதுக்குத் தமிழ் எண்ணுல எழுதின?" என்றான் அய்யம்பெருமாள்.

"என் பேரோட மொத எழுத்தும் ஒரு எண்ணுதான். சு-ன்னா ஆறு. இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு இன்னும் யாரும் சேக்காளி இல்ல. இதுங்க ஆறும் எப்பப் பாத்தாலும் ஒண்ணாவே சுத்துதுங்களா, நடுவுல ஒரு தடவயாவது சு வருமான்னு பெருக்கிக்கிட்டே வந்தேன். வரவே இல்ல. ஏழுல எல்லாமே கூ ஆயிருச்சு. அவ்ளோதான், இனிமே வராதுன்னு நெனச்சேன்."

இந்த எழுத்துகளில் தன் பெயர் இருக்கிறதே என்று எழிலரசி பயந்துகொண்டிருந்த அதே நாட்களில், தன் பெயர் இல்லையே என்று ஒருத்தி காத்திருந்திருக்கிறாள்.

"எட்டால பெருக்கிப் பாத்தியா?" என்றாள்.

"இல்ல."

"வா, பாப்போம். அம்மா, உன் போன் லைட்ட அடி!"

ரத்தினம்மாள் எழுந்து வந்து டார்ச்சை அடித்தாள். மூன்று பேரும் சீட்டில் முட்டி போட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினார்கள். எழிலரசி வலதுகோடியிலிருந்து தொடங்கினாள். "எட்டேழு அம்பத்தாறு. அஞ்சு மீதி, போட வேண்டியது..."

"ஆறு!" என்று சுகன்யா கத்தினாள். "சு! சு வந்துருச்சு!"

அவள் கத்தியதில் அவள் அம்மாவே விழித்துக்கொண்டாள். மீதியையும் பெருக்கி முடித்தபோது கண்ணாடியில் இப்படி இருந்தது.

ககசஉஅருசு

"1142856," என்று அய்யம்பெருமாள் படித்தான். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "எழிலு, உன் எ-வக் காணோம். அதுலேர்ந்து ஒண்ணு எறங்கி முன்னாடி போயி நிக்குது. மிச்சம் ஆறு. உன் எடத்துல சு உக்காந்திருக்கு." பிறகு கண்ணாடியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். "பேயவிட இந்த எண்ணுதான் எனக்குப் பயமா இருக்கு."

ரத்தினம்மாள் இடுப்பிலிருந்த வேப்பிலையை யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். பிறகு சுகன்யாவின் அம்மாவிடம், "இருட்டுல அந்த முந்திரிக்காட்டு ஸ்டாப்புல எறங்கி எவ்ளோ தூரம் நடக்கணுங்க?" என்று பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். பஸ் ஊருக்கு இந்தப் பக்கமிருந்த இன்னொரு சுரங்கப் பள்ளத்தைத் தாண்டியது. பச்சைத் தண்ணீர் இருட்டில் கறுப்பாகக் கிடந்தது. அன்றைக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை.

"ஹாரன் அடிச்சிட்டான், இன்னும் ரிப்பன் கட்டலியா நீ? பஸ்ஸ வுட்டுட்டு நிக்கப் போற!" என்று அம்மா கத்தினாள். அந்தக் கத்தல் எழிலரசிக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

ஆறு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். கதை முழுதும் ஊருக்கே தெரிந்துவிட்டதால், "எனக்கு அப்பவே தெரியும்," என்று சரத்குமார் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "ஏய், எ எங்க? எழில மட்டும் காணோமே!"

"நான் எங்கயும் போகல," என்றாள் எழிலரசி. "சாயங்காலம் நான் எந்திரிச்சுப் போற எடத்துலதான் அவ உக்காருவா."

செல்லப்பன் துணியோடு வந்தார். "தொடச்சிரவா பாப்பா?"

"குடுங்கண்ணே, நானே தொடைக்கிறேன்."

துணியை வாங்கி, ஒரு மூலைகூட விடாமல் எழிலரசி கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். இன்று மாலை அதைப் பார்த்தால், அடுத்தது என்ன என்று எழிலரசி கேட்கிறாள் என்பது சுகன்யாவுக்குத் தெரிந்துவிடும்.